கிளெண்டா கேட்ட ஆடுகளம்

நாற்பத்து மூன்று வருஷம் தனக்கென்று எதையும் கேட்காமல் இருந்துவிட்ட ஒருத்தி, அறுபத்து நான்காவது வயதில் ஒன்றே ஒன்றைக் கேட்டால், அவளுக்கு வேண்டியது அந்தப் பொருள்தானா? இல்லை, கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத் தோன்றியதா? தன் மனைவி கிளெண்டாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அர்லோ டைக்ஸ்ட்ரா இந்த இடத்தில் வந்துதான் நிற்பார். அவர் அதிகம் யோசிக்கிற ஆள் இல்லை. மாடுகளை விற்ற பிறகுதான் அதற்கு நேரம் கிடைத்தது.

நூற்று நாற்பது மாடுகள் இருந்தன. லிண்டனுக்கு வடக்கே, கனடா எல்லைக்கு இரண்டு மைல் இந்தப் பக்கம். காலை நாலு மணிக்கு ஒரு கறவை, மாலை நாலு மணிக்கு ஒரு கறவை. அதற்கு நடுவில்தான் கல்யாணம், பிள்ளைகள், தேவாலயம், வைக்கோல், எல்லாம். எந்த விருந்துக்குப் போனாலும் மூன்றரைக்கு முதலில் எழுந்து கோட்டை எடுப்பவள் கிளெண்டாதான். கேக் வெட்டும்போது இருந்ததே இல்லை. போதாததற்கு இருபத்திரண்டு வருஷம் பள்ளிப் பேருந்தும் ஓட்டினாள். அதைக் கஷ்டம் என்று சொன்னதில்லை. பெருமை என்றும் சொன்னதில்லை. மாடு இருந்தால் கறக்க வேண்டும், அவ்வளவுதான் என்பதுபோல இருந்தாள்.

மாடுகள் லாரியில் ஏறிப்போன அடுத்த வாரமே அவள் கிறிஸ்தவப் பள்ளியின் உள்ளரங்கத்துக்கு, டென்னிஸ்போலச் சின்னக் களத்தில் மட்டையால் பந்தடிக்கும் பிக்கிள்பால் ஆடக் கிளம்பிவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி. ஒன்பதிலிருந்து பதினொன்று. அங்கே மூன்று ஆடுகளங்கள், இருபத்தாறு பேர். சுவரில் ஒரு மரச்சட்டம். வருகிறவர் தன் மட்டையை அதில் கடைசியாகச் செருகிவிட்டு உட்கார வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்தால் நாலு பேர் வெளியே, முதல் நாலு மட்டைக்காரர்கள் உள்ளே. அதில் வங்கி மேலாளர், பாதிரியார் என்ற பேதம் கிடையாது.

கிளெண்டா பிரமாதமான ஆட்டக்காரி என்று சொல்லிவிட முடியாது. ஓட மாட்டாள். பலமாக அடிக்கவும் மாட்டாள். வலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எதிராளிக்கு அலுக்கும்வரை பந்தை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் போடுவாள். எதிராளி பொறுமை இழந்து ஓங்கி அடிப்பார். பந்து வெளியே போகும். அவளோடு சேர்ந்து ஆடும் ஜோன் விஸர் அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள்: கறவை ஆட்டம்.

ஏப்ரலில் ஒரு நாள், பத்து மணிக் காப்பிக்கு உட்கார்ந்தபோது கிளெண்டா கேட்டாள்.

“நம்ம வீட்டுல ஒரு கோர்ட்டு போடலாமா?”

“எதுக்கு?”

“ஆடுறதுக்கு.”

“பள்ளிக்கூடத்துலதான் மூணு இருக்கே.”

“மூணு இருக்கு. இருபத்தாறு பேரும் இருக்காங்க. பன்னெண்டு நிமிஷம் ஆடிட்டு அரை மணி நேரம் பெஞ்சைத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஜோனோட முட்டி ஆபரேஷன் கதையை நாலு தடவை கேட்டாச்சு. அஞ்சாவது தடவை நானே டாக்டர் வேலைக்குப் போயிடலாம்.”

அர்லோ சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து வங்கிப் புத்தகத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். பேருந்து ஓட்டிச் சேர்த்தது. முப்பத்திரண்டாயிரம் டாலர்.

“இது எனக்குன்னு வெச்சிருந்தது. இதுக்குள்ள முடியணும். இதுக்கு மேல பண்ணைக் காசுல ஒரு செண்டும் எடுக்கக் கூடாது.”

பெல்லிங்ஹாமிலிருந்து ஆடுகளம் போடுகிற மாரிசெல் என்ற பெண் வந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும். கன்றுக்குட்டிக் கூண்டுகள் இருந்த இடத்தை அளந்தாள். முழங்காலில் உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள். ஆடும் கோடுகளுக்குள் இருபதுக்கு நாற்பத்து நாலு அடிதான். ஆனால் பின்னால் ஓடிப்போய் அடிக்க இடம் வேண்டும், ஆகவே தளம் முப்பதுக்கு அறுபது என்றாள். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காமலிருக்க வடக்கு தெற்காகப் போட வேண்டும் என்றாள். மண் வெட்டி எடுப்பது, சரளை, கம்பி, கான்கிரீட், நாலு பூச்சு வண்ணம், வலை, இரண்டு முனையிலும் வேலி. எல்லாம் சேர்த்து நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு.

அவள் வண்டி சாலைக்கு ஏறியதும் அர்லோ சொன்னார்:

“அந்தக் காசுக்கு நான் ஒரு கறவைக் கொட்டகையே கட்டியிருக்கேன்.”

“எந்த வருஷம்?”

“தொண்ணூத்தி ஒண்ணு.”

“அப்ப நான் இளவட்டமாவும் இருந்தேன். அதையும் அதே விலைக்குக் கேட்டுப் பாரு.”

ஆனால் அர்லோ சொன்னதில் விஷயம் இருந்தது. கான்கிரீட் அவருக்குப் புதிதில்லை. அந்தப் பண்ணையில் நிற்கிற ஒவ்வொரு தளமும் அவர் கையால் போட்டது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் கான்கிரீட் போடுவதென்றால் ஒருவருக்கொருவர் போய் நிற்பது வழக்கம். இன்று உன் கொட்டகை, நாளை என் கொட்டகை. கூலி கிடையாது, பன்றித்தொடைக் கறி வைத்த ரொட்டியும் காப்பியும் மட்டும். கணக்குப் போட்டார். இருபத்தாறாயிரத்துக்குள் முடியும். ஆறாயிரம் மிச்சம்கூட வரும்.

“நீ செய்யி,” என்றாள் கிளெண்டா. “ஆனா ஒண்ணு. இது கெட்டுப்போச்சுன்னா இன்னொரு தடவை எங்கிட்ட காசு இல்ல,” என்றாள்.

அது அவருக்கும் தெரிந்திருந்தது. அவர் அவளிடம் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு பொறுப்பேற்றது அதுதான் முதல் தடவை. மற்றவையெல்லாம் இருவருக்கும் பொதுவாகவே இருந்தன.

ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் புல்வெட்டிகூட எடுப்பதில்லை. அதனால் அன்றே முடித்தாக வேண்டும். காலை ஏழு மணிக்கு முதல் கலவை லாரி வந்தது. எட்டு பேர் ரப்பர் பூட்சோடு நின்றார்கள். எட்டு பேரும் மாடு வைத்திருந்தவர்கள், அல்லது வைத்திருக்கிறவர்கள். அவர்களில் மெல்வின் போஸ்மா பக்கத்து நிலத்துக்காரர். மாடுகளை அர்லோவுக்கு முன்பே விற்றுவிட்டு ராஸ்பெர்ரிக்கு மாறியவர். வாய் சும்மா இருக்காது.

“ஏய்யா அர்லோ, வலையை எதுக்கு நடுவுல கட்டுறே? மாடு தாண்டிப் போயிடுமே!”

“கலவையைத் தள்ளுய்யா. வாயாலயே தளம் போட்டுடுவ போல.”

வேலை நன்றாகவே போனது. அர்லோ சரிவைத் தானே பார்த்துக்கொண்டார். பத்து அடிக்கு ஓர் அங்குலம், ஒரே பக்கமாக. தண்ணீர் தேங்கக் கூடாது, பந்து உருளவும் கூடாது. நூல் கட்டி, நூலுக்கு நூல் சரிபார்த்தார். ஆனால் கடைசி லாரி தாமதமாக வந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. முதலில் கொட்டிய பக்கம் இறுகத் தொடங்கியிருந்தது. எல்லோரும் அவசரப்பட்டார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்குப் பழகிய கைகள் அவை.

இழுவை வண்டியில் மற்ற கருவிகளோடு, ஒவ்வொரு கொட்டகைக்கும் இழுக்கிற அந்தப் பலகையும் கிடந்தது. நீளமான பிடி, அடியில் வரிசையாக விரல் தடிமனில் கம்பிகள். தளம் போட்டு மட்டமாக்கியதும் ஈரம் காய்வதற்குள் அதை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுப்பார்கள். தளம் முழுக்க வரிவரியாகப் பள்ளம் விழும். முதல் இழுப்பு இழுத்தது அர்லோதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, அவருக்கும் இல்லை. பிறகு மெல்வின் வாங்கி இழுத்தார். மாற்றி மாற்றி, அறுபது அடி நீளத்துக்கு, ஓரம்வரை. தொண்ணூறு வரிகள். ஒன்றுகூடக் கோணவில்லை.

பன்னிரண்டரை மணிக்குக் கிளெண்டா ரொட்டியும் காப்பியும் கொண்டுவந்தாள். எட்டு பேரும் ஓரத்தில் வரிசையாக நின்று தளத்தைப் பார்த்தார்கள். மெல்வின் ரொட்டியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

“பிரமாதம். இனி ஒரு மாடுகூட வழுக்கி விழாது.”

சிரித்தார்கள். மெல்வினும் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். யாரோ ஒருவர் மட்டும் ஒரு விநாடி அதிகமாகச் சிரித்துவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அர்லோ பூட்ஸ் முனையால் ஓரத்தை அழுத்திப் பார்த்தார். கல்லாகிவிட்டிருந்தது.

“அர்லோ,” என்றார் மெல்வின் மெதுவாக. “பந்து குளம்பு போட்டுக்கிட்டா வரும்?”

“வாயை மூடு, மெல்வின்.”

கிளெண்டா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தளத்தைப் பார்த்தாள். கோபம் வருமென்று எட்டு பேரும் காத்திருந்தார்கள். ஆனால் நாற்பது வருஷமாக அவளைத் தெரிந்த அந்த எட்டு பேரில் ஒருவரும் அவள் கத்திப் பார்த்ததில்லை.

“இது முழுசாக் காய எத்தனை நாளாகும்?”

“இருபத்தெட்டு நாள்,” என்றார் அர்லோ.

“சரி. ரொட்டி இன்னும் இருக்கு. யாருக்கு வேணும்?”

மறுநாள் அவர்கள் தேவாலயத்துக்குள் நுழையும் முன்பே சேதி நுழைந்துவிட்டது. பிரசங்கத்தின் நடுவில் வழக்கம்போலப் புதினா மிட்டாய் கைமாறியபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் அர்லோவின் தோளைத் தொட்டு ஒன்றுக்குப் பதில் இரண்டைக் கொடுத்தார். ஒன்று ஆறுதலுக்கு, ஒன்று கேலிக்கு என்று அர்லோ எடுத்துக்கொண்டார். வெளியே வந்ததும், “உங்க வீட்டுப் பந்துக்கு எத்தனை வயிறு, அர்லோ?” என்று ஒருவர் கேட்டார். “நாலு,” என்று கிளெண்டாவே பதில் சொன்னாள். “ஆனா ஒரு தடவைதான் மெல்லும்.”

இருபத்தெட்டு நாள் கழித்து, ஜூலையில், அவளும் ஜோனும் வலை இல்லாமல் சும்மா பந்தைத் தட்டிப் பார்த்தார்கள். அர்லோ டிராக்டர் கொட்டகையின் நிழலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பந்து வரியின் விளிம்பில் பட்டால் இடப்பக்கம் போனது, பள்ளத்தில் விழுந்தால் செத்துப்போனது. ஜோன் ஒரு பந்துக்கு வலப்பக்கம் தாவி, அது இடப்பக்கம் போக, அப்படியே திரும்பி அவரைப் பார்த்துக் கத்தினாள்: “அர்லோ! இந்த முட்டிக்கும் ஆபரேஷன் பண்ண வெக்காம விட மாட்டே போல!”

கிளெண்டா இருபது நிமிஷம் ஆடினாள். பிறகு பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாப்பாட்டு மேசையில் அவள் சோளத்தைப் பற்றியும் பேரனின் பல் கம்பியைப் பற்றியும் பேசினாள். அர்லோவுக்கு அதுதான் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அவரே மாரிசெல்லுக்குப் போன் செய்தார். அது அவருக்கு எளிதான காரியம் இல்லை. அவள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். தளத்தின் நடுவில் லேசர் கருவியை வைத்துச் சிவப்புக் கோட்டை ஓடவிட்டுச் சரிவை அளந்தாள். இரண்டு தடவை அளந்தாள்.

“சார், சரிவு அவ்வளவு துல்லியமா இருக்கு. எங்க ஆளுங்களே இப்படிப் போட மாட்டாங்க.” அப்புறம் வரிகளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“சிரிச்சுக்கம்மா,” என்றார் அர்லோ. “எல்லாரும் சிரிச்சாச்சு.”

அவள் சிரித்துவிட்டு விலை சொன்னாள். வரிகளை நிரப்பி, முழுத் தளத்தையும் அரைத்து மட்டமாக்கி, நாலு பூச்சுப் பூசி, வலையும் போட்டுத் தர பதினைந்தாயிரத்து எண்ணூறு. ஐந்து நாள். பத்து வருஷத்துக்கு உத்தரவாதம். கிளெண்டாவின் கையில் மிச்சம் பதினேழாயிரத்து நானூறு இருந்தது. வேலி இல்லாமல் போகும். பந்து பசும்புல்லுக்குள் ஓடினால் ஓடட்டும். மற்றபடி எல்லாம் சரியாக வந்தது.

“அவங்ககிட்டயே கொடுத்துடு, கிளெண்டா,” என்றார் அர்லோ. “நான் இதைத் தொட மாட்டேன்.”

கிளெண்டா தளத்தின் குறுக்கே நடந்து மறுபக்கம் போய் நின்றாள். அங்கிருந்தே கேட்டாள்:

“இதை அரைக்கிற மெஷினு வாடகைக்குக் கிடைக்குமா?”

மாரிசெல் அர்லோவைப் பார்த்தாள். “கிடைக்கும், மேடம். ஆனா எதுக்கு?”

“அர்லோ செய்வாரு.”

“மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. போன தடவையும் அவர்தானே செஞ்சாரு?”

“ஆமா.”

“இது கொஞ்சம் சிக்கலான வேலை. ஒரே இடத்துல அரை நிமிஷம் அதிகமா நின்னா குழி விழும். குழி விழுந்தா தண்ணி நிக்கும், பூச்சு உரியும். அப்புறம் ஒடச்சுப் போடுறதைத் தவிர வேற வழியில்ல.”

“கிளெண்டா, வேண்டாம்,” என்றார் அர்லோ. குரல் அவர் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. “காசை வெச்சுக்கிட்டு எதுக்கு இந்த விளையாட்டு? அவங்க அஞ்சு நாள்ல முடிச்சுடுவாங்க. அடுத்த வாரமே நீ ஆடலாம்.”

“மெஷினு எங்க கிடைக்கும்னு ஒரு சீட்டுல எழுதிக் கொடும்மா,” என்றாள் கிளெண்டா மாரிசெல்லிடம். “உள்ள ராஸ்பெர்ரி பை இருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.”

மாரிசெல் சாப்பிட்டாள். எந்தப் பசை, எந்தச் சக்கரம், எந்த வேகம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை. வண்டியில் ஏறும்போது அர்லோவிடம் மட்டும் தாழ்ந்த குரலில், “நகர்ந்துக்கிட்டே இருங்க, சார். எங்கயும் நிக்காதீங்க,” என்றாள்.

தொண்ணூறு வரி, ஒவ்வொன்றும் அறுபது அடி. அர்லோ முழங்கால் பட்டை கட்டிக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு வரி என்று நிரப்பினார். கரண்டியால் பசையை அழுத்தி, வழித்து, அடுத்த அடிக்கு நகர்ந்தார். சில நாள் மெல்வின் வந்து எதிர்முனையிலிருந்து ஆரம்பிப்பார். இருவரும் நடுவில் சந்திக்கும்போது, “நாம போட்டதை நாமளே அழிக்கிறோம்யா. இதுக்கு அரசாங்கம் மானியம் கொடுக்கணும்,” என்பார். கிளெண்டா பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் காப்பி கொண்டுவருவாள். வந்தால் உடனே போக மாட்டாள். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, அவர் ஒரு வரியை முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கறவை இருந்த காலத்தில் அவர்கள் இருவரும் பகலில் அப்படி ஓரிடத்தில் சும்மா இருந்ததாக அர்லோவுக்கு நினைவில்லை. என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

பிறகு அரைத்தார். ஈரத் தூசி உடம்பெல்லாம் ஒட்டியது. நிற்காமல் நகர்ந்தார். ஒரே ஓர் இடத்தில், வடகிழக்கு மூலைக்குப் பக்கத்தில், மெஷினின் வயர் சிக்கி இழுத்ததில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டார். இன்றும் மழை விட்டபின் அங்கே ஒரு தட்டளவு தண்ணீர் நிற்கும். ஆட வருகிறவர்கள் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். பூச்சு இதுவரை உரியவில்லை.

செப்டம்பர் மூன்றாம் வாரம் வண்ணம் காய்ந்தது. கிளெண்டா பள்ளிக்கூடத்து வழக்கப்படியே வெளியே ஒரு மட்டைச் சட்டம் அடித்து வைத்தாள். முதல் செவ்வாய்க்கிழமை பதினான்கு பேர் வந்தார்கள். நல்ல வெயில், தூரத்தில் பேக்கர் மலை முழுசாகத் தெரிந்தது. ஒரே ஆடுகளம் என்பதால் காத்திருப்பு பள்ளிக்கூடத்தைவிட அதிகமாகத்தான் இருந்தது. ஜோன் பெஞ்சில் உட்கார்ந்து முட்டிக் கதையை எடுத்தாள். கிளெண்டா கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றரை மணி ஆனது, நாலு ஆனது. யாரும் எழுந்திருக்கவில்லை, அவளும் எழுந்திருக்கவில்லை.

செலவைக் கேட்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. கிளெண்டா மறைக்காமல் சொல்வாள். கான்கிரீட்டுக்குப் பதினாலாயிரத்து அறுநூறு. சரிசெய்ததற்கு, மெஷின் வாடகை, பசை, வண்ணம், வலை எல்லாம் சேர்த்துப் பதிமூவாயிரத்து அறுநூற்றைம்பது. மாரிசெல் கேட்டதைவிட இரண்டாயிரத்துச் சொச்சம்தான் குறைவு. ஐந்து நாளில் முடிந்திருக்க வேண்டியதற்கு எட்டு வாரம் ஆயிற்று, அந்தக் கோடை முழுக்கப் போயிற்று.

“இந்த ரெண்டாயிரத்துக்கா அவனை மறுபடி முழங்கால் போட வெச்சே?” என்று ஜோன் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள். “எனக்கா இருந்தா அந்தப் பொண்ணு கையில காசைக் கொடுத்துட்டு இவனை மீன் பிடிக்க அனுப்பியிருப்பேன்.”

அர்லோ வலையை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் பதில் அவருக்கும் வேண்டியிருந்தது. அவரை நம்பினாளா, அவர் தலை நிமிர வேண்டும் என்று நினைத்தாளா, இல்லை அந்த எட்டு வாரம்தான் அவளுக்கு வேண்டியிருந்ததா? ஒரு தடவை, ஊருக்குள் போகும் வழியில், அவரே நேராகக் கேட்டும் பார்த்திருந்தார். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, மெல்வினின் ராஸ்பெர்ரிச் செடிகளை இந்த வருஷம் சீக்கிரமே கட்டிவிட்டார்கள் என்றாள்.

ஜோன் கேட்ட அன்று அவள் எழுந்துபோய்ச் சட்டத்திலிருந்து தன் மட்டையை எடுத்தாள்.

கையில் போதிய காசு இருந்தது. வேலை தெரிந்த ஆள் எதிரே நின்றாள். தவறு செய்தவரே தன்னிடம் தராதே என்று கெஞ்சினார். அப்படியிருந்தும், கடைசிக் காசையும் கேட்ட ஒரே பொருளையும் கிளெண்டா அந்த வெள்ளிக்கிழமை அவர் கையில்தான் இரண்டாம் தடவையும் கொடுத்தாள்.